பம்புக்குத் தெரியாதது

என் பேர் சீனிச்சாமி.
சிரிப்பதென்றால் இப்போதே சிரித்துவிடுங்கள்.
பதினாறு வருஷம் முன்னால் ரத்தம் எடுத்த இடத்தில்
சீட்டைப் பார்த்துப் பேர் கூப்பிட்ட பெண்
எல்லோருக்கும் சேர்த்தே சிரித்துவிட்டாள்.

தொழில், மோட்டார் காயில் சுற்றுவது.
கடை உசிலம்பட்டியில், தேனி ரோட்டில்.
எந்த போர்வெல்லுக்குப் போனாலும் பேனல் போர்டில்
ஒரு திருகு சுவிட்ச்: ஆட்டோ, மேனுவல்.
மும்முனை கரண்ட் நடுச்சாமம் இரண்டு மணிக்கு வரும்.
ஆட்டோவில் போட்டவர் படுத்துத் தூங்குவார்.
தண்ணீர் கீழே இறங்கிப்போனதை
மோட்டாருக்கு யார் சொல்வது?
விடிந்ததும் என் கடை வாசலில்
கருகிய வாடையோடு இறக்குவார்கள்.

என் இடுப்பிலும் ஒரு பம்பு.
கை சோப்பளவு. சத்தமில்லாதது.
ஐந்து நிமிஷத்துக்கொரு தரம் சென்சாரைக் கேட்டு
இன்சுலினைக் கூட்டும், குறைக்கும், வேண்டாமென்றால் நிறுத்தும்.
நானும் ஆட்டோவில் போட்டுப் படுத்துத் தூங்கியவன்தான்.

அக்னி நட்சத்திரம் மூன்றாம் நாள்
எழுமலைக்கு மேற்கே விருமாயி அக்கா தோப்பில்
நானூறடிக் குழாயை ஏற்றிக்கொண்டிருந்தோம்,
ஒவ்வொரு நீளத்துக்கும் ஒரு கிளாம்பு, ஒரு வசவு.
வேர்வையில் வயிற்றுப் பிளாஸ்திரி கிளம்பி
உள்ளே போகும் குழல் மடங்கிக் கிடந்திருக்கிறது.
பம்பு பாட்டுக்கு ஊற்றியது, சட்டை குடித்தது.
நாக்கு ஒட்டியபோது விரலைக் குத்திப் பார்த்தேன்:
முந்நூற்று அறுபத்திரண்டு.
கொடுக்கிற மட்டும் கொடுத்துப் பார்த்துவிட்டு
அது தானாகவே கைவிட்டது: மேனுவல்.

பேனா ஊசி இருந்தது, ஈரத்துணி சுற்றி.
எட்டு யூனிட். மணி ஒன்று நாற்பது.
புதுக் குழலை வலப்பக்கம் ஒட்டினேன்.
கை உடனே ஆட்டோவுக்குப் போனது, பழக்கதோஷம்.

நல்லவேளை, போனில் ரோஸ்லின் சிஸ்டர் கிடைத்தார்,
மதுரையில், வெளிநோயாளிக் கூட்டத்தின் இரைச்சலுக்குள்.
"பேனாவுல போட்டது பம்புக்குத் தெரியுமா?"
தெரியாது.
"சட்டைக்குப் போனத உங்களுக்குப் போனதாத்தானே எழுதி வச்சிருக்கும்?"
ஆமாம்.
"அப்ப ரெண்டுமே பொய்க்கணக்கு. நாலு மணி நேரம் மேனுவல்லயே இருங்க,
மணிக்கொரு தரம் விரலக் குத்துங்க. ஆமா,
மேனுவல்ல என்ன அளவு போட்டு வச்சிருக்கீங்க?"

அதைத் திறந்து பார்த்து இரண்டு வருஷம்.
பன்னிரண்டு கிலோ கூடுதலாக இருந்த
வேறொரு சீனிச்சாமிக்கு எழுதிய அளவு
எனக்குள் இறங்கிக்கொண்டிருந்தது.
பேனா மருந்தும் அதுவும் சேர்ந்து ஓடினால்
சாயங்காலம் தோப்பில் விழுந்து கிடப்பேன்.
ஆட்டோ என்றால் பார்த்து நிறுத்தும்.
மேனுவலில் நான் சொன்னால்தான்.

அவர் சொல்லச் சொல்ல மாற்றினேன்.
காயிலில் சுற்று எண்ணிக்கை குறிக்கும் மார்க்கரால்
இடது மணிக்கட்டில் எழுதினேன்: 1.40 - 8.

இரண்டே முக்கால், முந்நூற்று ஒன்று. ஒரு குழாய் நீளம்.
மூன்றே முக்கால், இருநூற்று முப்பத்தாறு. இளநீர் வேண்டாமென்றேன்.
"இதையும் நீயே சுத்திக்கிருவியாடா?"
இதுல காயில் கிடையாதுக்கா.
ஐந்தே முக்காலுக்கு விரல் சொன்னது நூற்று நாற்பத்தொன்று,
சென்சார் சொன்னது நூற்று முப்பத்தெட்டு.
அம்பு படுத்தே கிடந்தது.
அப்போதுதான் அழுத்தினேன்.

மோட்டாரை இறக்கி, ஓடவிட்டு, கலங்கல் தெளிந்ததும்
"ஆட்டோல போட்டுட்டுப் போ" என்றாள் அக்கா.
மாட்டேன் என்றேன். இன்றைக்கு ராத்திரி மட்டும்
நீங்களே வந்து போடுங்கள்,
எத்தனை நேரம் தண்ணீர் நிற்கிறதென்று பாருங்கள்.
திட்டினாள். வந்தாளா தெரியாது.

வீட்டில் சோப்பு, மண்ணெண்ணெய், தேங்காய் நார்.
மணிக்கட்டு எழுத்து அசையவில்லை.
மூன்று நாள் டீக்கடையில்
சில்லறைக்குக் கை நீட்டும்போதெல்லாம் கேட்டார்கள்,
"என்ன சீனி, யாருக்குக் கடன்?"